பானெட் மேல் குங்குமப் பொட்டு

அந்தப் படம் என் கைபேசிக்கு வந்தபோது நான் ஒரு லோரியை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். தெலுக் பங்லிமா காராங்கில் டின் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அதுதான் என் வேலை. எந்த லோரி எத்தனை மணிக்குப் புறப்படும், எந்த டிரைவர் இன்னும் கேண்டீனில் தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் என் தலையில் ஓடிக்கொண்டிருக்கும். அன்று கேட்டருகே நின்ற லோரி ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்துவிட்டது. நான் படத்தைப் பார்த்தபடி நின்றேன். ஓர் இடத்தில் இரண்டு நிமிடம் நிற்கிற ஆள் இல்லை நான். "உங்களுக்குக் கால்ல சக்கரம்" என்று என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து சொல்லி வருகிறாள். கார் பொம்மை சேர்ப்பவனுக்கு அது பொருத்தமான ஏச்சுதான்.

படத்தில் இருந்ததும் ஒரு பொம்மைக் கார்தான். நடுவிரல் நீளம், தயிர் வெள்ளை நிறம், பின்பக்கம் திறந்து மூடும் டிக்கி. பானெட்டின் நடுவில் பட்டாணி அளவுக்கு வட்டமாக ஒரு சிவப்புக் கறை. எங்கள் சேகரிப்பாளர் குழுவில் கிள்ளானைச் சேர்ந்த ஒரு சீனர் அதைப் போட்டிருந்தார். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: தொழிற்சாலைத் தவறு, வண்ணம் அடிக்கும்போதே விழுந்த சொட்டு, மிக அபூர்வம்.

எங்கள் கூட்டத்தின் கிறுக்கை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒழுங்காகச் செய்த காரைவிடத் தப்பாகச் செய்த காருக்குத்தான் எங்களிடம் மரியாதை. முன்சக்கரம் ஒரு தினுசும் பின்சக்கரம் இன்னொரு தினுசுமாக மாட்டியது, அடித்தட்டில் எழுத்து விட்டுப்போனது, கதவில் ஒட்ட வேண்டிய படத்தைக் கூரையில் ஒட்டியது, இதற்கெல்லாம் ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். சிவப்புச் சொட்டுப் படம் வந்த பத்தாவது நிமிடத்தில் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் மாதிரி விளக்கம் எழுதினார். பக்கத்து வரிசையில் தீயணைப்பு வண்டிக்குச் சிவப்பு அடித்திருப்பார்களாம், வண்ணம் பீய்ச்சும் துப்பாக்கியிலிருந்து ஒரு சொட்டு தெறித்திருக்குமாம். இன்னொருவர் இதே தவறுள்ள கார் ஐரோப்பாவில் ஒன்று இருப்பதாகக் கேள்வி என்றார். அது எந்தத் துப்பாக்கியிலிருந்தும் தெறிக்கவில்லை என்பது எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அது ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமம்.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். ஆயுத பூஜை வந்தால் பட்டறையில் இருக்கும் அத்தனை இயந்திரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்து வீட்டில் தொடங்குவார். சைக்கிள், அரிவாள்மணை, அம்மாவின் தையல் மெஷின், ரேடியோ என்று ஒன்றையும் விடமாட்டார். எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைப்பாள். என் அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே ஒரு கார் இருந்தது. பதவி முடிந்து ஊருக்குப் போன ஒரு ரயில்வே அதிகாரி அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அதுவும் வாகனம்தானே என்று அதன் பானெட்டிலும் ஒரு பொட்டு. மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது என்பது வழக்கம். இரவு முழுக்கக் குங்குமத்தில் இருக்கிற மஞ்சளும் சுண்ணாம்பும் அந்த வெள்ளை வண்ணத்தில் ஊறும். இரண்டு மூன்று வருஷத்தில் கறை நிரந்தரமாகிவிட்டது.

அந்தக் காரை நாங்கள் தீப்பெட்டிக் கார் என்போம். அது வந்த அட்டைப் பெட்டி அச்சாகத் தீப்பெட்டி மாதிரியே இழுத்துத் திறக்கும். இங்கிலாந்தில் உலகப் போர் முடிந்து வந்தவர்கள் தொடங்கிய சின்னக் கம்பெனி அது. துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் அளவுக்குக் கார் செய்தார்கள், உலகம் முழுக்க விற்றார்கள். பிறகு அமெரிக்காவில் ஒரு கம்பெனி, தள்ளிவிட்டால் அறையின் அந்தக் கோடிவரை ஓடுகிற மெல்லிய இருசு மாட்டிய சக்கரத்தோடு வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் ஆடிப்போய், பழைய உடம்புக்கே புதுச் சக்கரம் மாட்டி அவசர அவசரமாகக் கடைக்கு அனுப்பினார்கள். அந்த அவசரத்தில் பிறந்த இரண்டுங்கெட்டான் கார்கள்தான் இன்றைக்கு அருமையான சரக்கு. கம்பெனி பிற்பாடு கை மாறியது, வேலை கிழக்கே வந்தது, அடித்தட்டில் இங்கிலாந்து போய் மக்காவ் வந்தது, தாய்லாந்து வந்தது. அந்த அமெரிக்கக்காரர்களோ நம் நாட்டிலேயே கார் வார்த்து அடியில் மலேசியா என்று போட்டார்கள். நான் வாங்கும் ஒவ்வொரு காரையும் முதலில் குப்புறக் கவிழ்ப்பேன். ஊர் பெயரைப் படித்த பிறகுதான் நிமிர்த்துவேன். என் மனைவிக்கு இது எரிச்சல். "மனுஷங்களையும் இப்படித்தான் கவுத்துப் பாப்பீங்களா?" என்பாள்.

பிரிக்பீல்ட்ஸில் அந்த வயதுப் பையன்கள் இருந்த வீட்டில் எத்தனையோ கார்களில் குங்குமம் ஏறியிருக்கும். அதனால் படத்தை மட்டும் வைத்து இது எங்கள் கார் என்று சொல்லிவிட முடியாது. அடித்தட்டைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஆயுத பூஜையன்று அப்பா சைக்கிள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். காருக்கும் நசுக்க வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். எலுமிச்சை பெரிதாக இருந்ததால் அம்மா கஸ்தூரிப் பழம் கொடுத்தாள், கோலிக்குண்டு அளவில் புளிப்பாக, மீ கோரேங் நூடுல்ஸ் தட்டின் ஓரத்தில் வைப்பார்களே, அது. வீட்டில் நான்கு இருந்தன. ஒன்றை அண்ணன் சிரப் தண்ணீரில் பிழிந்து குடித்துவிட்டான். அவனோடு சண்டை போட்டு அழுது தீர்த்துவிட்டு, மூன்று சக்கரத்தடியில் மட்டும் வைத்து உள்ளங்கையால் காரை அழுத்தினேன். அந்தச் சாறும் மறுநாள் காலை வரை அப்படியே இருந்தது. எடுத்துப் பார்த்தால் அடித்தட்டில் மூன்று இடத்தில் உலோகம் பொரிந்து குழி விழுந்திருந்தது. நான்காவது, பின்பக்கம் வலது சக்கரத்தடி, வழவழப்பாக இருந்தது.

ஆக, மூன்று குழி இருந்தால் எங்கள் கார். இதைக் கேட்க விற்பவருக்கு உடனே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் வேலையில் தப்பு மேல் தப்பு. ரவாங் போக வேண்டிய டின்களைப் பூச்சோங்குக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வந்தால் அலமாரிக் கண்ணாடியைத் துடைப்பேன், கார்களை நாட்டு வாரியாக அடுக்குவேன், பிறகு கலைத்து நிற வாரியாக அடுக்குவேன். உட்கார முடியவில்லை.

அந்தக் கார் எங்களைவிட்டுப் போன கதையில் எனக்கு ஒரு பங்கு இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. அப்பாவைக் கிள்ளானுக்கு மாற்றிவிட்டார்கள், குவாட்டர்ஸைக் காலி செய்கிற வாரம். ஒருநாள் பார்த்தால் காரைக் காணோம். அதே நாள் அண்ணன் கையில் ஒரு பேட்மிண்டன் ராக்கெட் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. சாயங்காலம் அப்பா வந்ததும் கார் எங்கே என்று கேட்டார். "அண்ணன் வித்துட்டான்" என்றேன். "நீ பாத்தியா?" என்றார். அந்தக் கேள்வியோடு நான் நிறுத்தியிருக்கலாம். "பாத்தேன்" என்றேன். கடைப்பக்கம் ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு ராக்கெட் வாங்கினான் என்று கதையும் கட்டினேன். நான் எதையும் பார்க்கவில்லை. அப்பா பெல்ட்டைக் கழற்றினார். அண்ணன் "இல்லப்பா, எனக்குத் தெரியாதுப்பா" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. ராக்கெட் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கியது என்பது மறுநாள் தெரிந்தது. அதற்குள் அடி விழுந்து முடிந்திருந்தது.

மறுநாள் காலை நான் அவனுடைய சீப்பை எடுத்தேன். வழக்கமாகப் பிடுங்குவான், தலையில் குட்டுவான். அன்று என்னைப் பார்த்து, "எடுத்துக்குங்க" என்றான்.

அம்மா சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்தாள். விளையாட்டு இல்லை. அன்றிலிருந்து அண்ணன் என்னை "வாங்க, போங்க" என்றுதான் பேசுகிறான். கிள்ளான் வீட்டில் ஒரே பாயில் படுத்த காலத்திலும் "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றான். என் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் வியந்துபோனார்கள், தம்பிக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை கொடுக்கிறார் பாருங்கள் என்றார்கள். அந்த மரியாதை ஒவ்வொரு முறையும் எனக்கு எப்படிச் சுட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் இப்போது ரவாங்கில் இருக்கிறான், தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான். தீபாவளிக்குத் தவறாமல் வருவான், முறுக்கு சாப்பிடுவான், என் பிள்ளைகளைக் கொஞ்சுவான். என் கார் அறைக்குள் மட்டும் ஒருநாளும் கால் வைத்ததில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எத்தனையோ முறை வாயெடுத்தேன். வளர்ந்த மனிதர்கள் ஒரு பொம்மைக் காரைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம். ஒருவேளை அவன்தான் விற்றிருந்தால் என் பொய் அவ்வளவு பெரிய பொய் இல்லை என்கிற ஒரு அற்ப நப்பாசையும் உள்ளே இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை கிள்ளானில் அந்தச் சீனரின் வீட்டுக்குப் போனேன். என் வயதுதான் இருக்கும். வரவேற்பறை முழுக்க அட்டைப் பெட்டிகள். மகளோடு இருக்க ஜொகூருக்குப் போகிறாராம், எல்லாவற்றையும் கழித்துக்கட்டுகிறார். மேசைமேல் துண்டு விரித்துக் காரை வைத்திருந்தார். நான் அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்தேன். முன்பக்கம் இரண்டு குழி, பின்பக்கம் இடதில் ஒன்று. வலது பக்கம் வழவழப்பு.

நான் அதைக் கீழே வைக்காததை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார். "நைஸ், ஹா?" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "பாஸ், இது ஃபேக்டரி எரர் இல்ல லா. இது குங்குமம். எங்க பூஜைக்கு வைக்கிறது" என்று மலாயும் ஆங்கிலமுமாக விளக்கினேன். கஸ்தூரிப் பழத்தையும் சொன்னேன். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார், கடைசியில் சிரித்தார். "அண்ணே, யூ டோன் ப்ளே லா. மலிவா கேக்கறதுக்கு இப்படியெல்லாம் கதையா?" என்றார், அண்ணேயை மட்டும் அழகான தமிழில். நான் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. ஒன்பது வயதில் நான் சொன்ன பொய்யை ஒரு கேள்வியில் நம்பிவிட்டார்கள், இந்த வயதில் சொல்லும் உண்மைக்கு இந்தக் கதி.

இது எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன். அதுதான் நான் கேட்க வந்த கேள்வி. அவர் யோசிக்கவே இல்லை. அவருடைய அப்பா பழைய பேப்பர் லோரி ஓட்டியவராம். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கமெல்லாம் வீடு வீடாகப் பழைய பேப்பரும் போத்தலும் டின்னும் எடுப்பாராம். ஒருநாள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் துரு ஏறிய போல்ட்டு நட்டோடு இந்தக் கார் கிடந்ததாம். மகன் விளையாடட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். "அந்தச் சிவப்பைச் சோப்புப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சேன், போகவே இல்ல" என்றார். அந்த வயதில் அதற்காக அழுததாகச் சொன்னார். பிஸ்கட் டின்னில்தான் நாங்கள் காரை வைத்திருந்தோம், அப்பாவின் போல்ட்டு நட்டுகளுக்கு நடுவில். மூட்டை கட்டிய சாமான்களுக்கிடையே டின்னும் காணாமல் போனதை அன்று நான் கவனிக்கவில்லை. அண்ணன் யாருக்கும் எதையும் விற்கவில்லை.

அவர் காசு கேட்கவில்லை, மாற்றாக ஒரு கார் கேட்டார். பெட்டியோடு இருக்கும் என் இரட்டை மாடிப் பேருந்து, சக்கரம் மாறிய அந்த அவசரக் காலத்தது, என் அலமாரியின் ராஜா. வேறு நேரமாக இருந்தால் மூன்று வாரம் பேரம் பேசியிருப்பேன். வீட்டுக்குப் போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் சந்தேகத்தோடு வாங்கிக்கொண்டார். இவ்வளவு சீக்கிரம் சம்மதித்தவன் குங்குமக் கதையில் பொய் சொன்னான் என்பது அவருக்கு இன்னும் உறுதியாகியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொமுட்டர் ரயிலில் ரவாங் போனேன். கார் ஓட்டுகிற நிலையில் நான் இல்லை. ரயிலில் இடம் காலியாக இருந்தும் கதவோரம் நின்றேன், பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒரு ஆன்டி தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பிரிக்பீல்ட்ஸைத் தாண்டும்போது குவாட்டர்ஸ் இருந்த பக்கம் பார்த்தேன். கண்ணாடிக் கட்டடங்கள்தான் தெரிந்தன. சட்டைப் பையில் காரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணி கேட்டைத் திறந்தார், "என்ன தம்பி, சொல்லாம வந்திருக்கீங்க?" என்றார். அண்ணன் கூடத்தில் மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க. உக்காருங்க" என்றான். நான் உட்காரவில்லை. காரை எடுத்து அவன் முன்னால் மேசைமேல் வைத்தேன்.

அவன் கையை மறுபடி துணியில் துடைத்தான். பிறகு எடுத்தான். என்னைப் போலவே முதலில் கவிழ்த்துத்தான் பார்த்தான். ஊர் பெயரைப் பார்க்கவில்லை, வழவழப்பாக இருந்த வலது பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினான். "நான் குடிச்ச பழம்" என்றான்.

நான் நடக்கத் தொடங்கினேன். வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நடந்துகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். பழைய பேப்பர் லோரி, பிஸ்கட் டின், சோப்புப் போட்டுத் தேய்த்த சீனப் பையன், எல்லாம். கடைசியில், "நான் பாக்கல அண்ணே. அன்னிக்கு நான் ஒண்ணுமே பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன். உன்ன அடி வாங்க வச்சேன். மன்னிச்சிரு" என்றேன்.

"தெரியும்" என்றான்.

"நீ விக்கலன்னு எனக்கு நேத்துதான் தெரியும்."

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான். "ஸ்கூல் விட்டு வரேன், அம்மா டின்ன அந்த லோரிக்காரன்கிட்ட தூக்கிக் குடுக்குறாங்க. வீடு காலி பண்ற அவசரம், தொறந்தே பாக்கல. நான்தான் சொன்னேன், உள்ள கார் இருக்குன்னு. லோரி கெளம்பிருச்சி. பின்னாலயே ஓடினேன், சந்து முனை வரைக்கும். நிக்கல."

நான் நின்றேன். "அப்பறம் ஏன் அப்பாக்கிட்ட சொல்லல?"

"அந்த மாசம் அவரு எப்படி இருந்தாருன்னு உனக்கு ஞாபகம் இல்ல. மாத்தல் ஆனதுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் அம்மா மேல கைய ஓங்குவாரு. அது அவரோட ஆபீசர் குடுத்த கார். அம்மா என்னைப் பாத்து, சொல்லாதடான்னு கண்ணாலயே கெஞ்சினாங்க. எனக்கு நாலு அடி. அவங்களுக்குன்னா அதோட நிக்காது." காரைப் பார்த்தபடியே சொன்னான், "பாக்காத நீ பாத்தேன்னு சொன்ன. பாத்த நான் தெரியாதுன்னு சொன்னேன். எனக்கு அடி வலிக்கல. நீ சொன்னதுதான் வலிச்சிது."

அம்மா சாகிறவரை இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. நான் மட்டும் வீடு நிறையக் கார் சேர்த்து வைத்திருக்கிறேன். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மறுபடி நடந்தேன். மின்விசிறி இறக்கையைத் தாண்டி, சோபாவைச் சுற்றி, வாசல்வரை போய்த் திரும்பினேன். அவன் என்னை "நீ" என்று பேசிக்கொண்டிருக்கிறான் என்பது திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது.

அண்ணன் காரைப் பானெட் மேலே தெரிய மேசையில் வைத்தான். "அண்ணி, குங்குமம் எங்க இருக்கு?" என்று கேட்கலாமா என்று கூடத் தோன்றியது எனக்கு. என்ன பேசுவது என்று தெரியாதபோது இப்படித்தான் எதையாவது நினைத்துக்கொண்டு நான் நடப்பேன்.

"நடக்காத, எனக்குத் தலை சுத்துது" என்றான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருடா."

உட்கார்ந்தேன்.